வளையாத முதுகு

“பெட்டியில என்ன இருக்குன்னு நீயே சொல்லிடு அஷில். நாங்க பிரிச்சா அசிங்கமாயிடும்.”

கஸ்தோன் இப்படிக் கேட்டதும், பாரிஸின் அந்தக் காப்பிக்கடை மாடியில் கூடியிருந்த புதுக்கவிஞர்கள் எல்லோரும் ஒயின் கிளாஸைக் கீழே வைத்தார்கள். அவர்கள் குழுவில் அடிக்கடி விசாரணை நடக்கும். கவிதை எழுதுகிறார்களோ இல்லையோ, யாரையாவது விலக்கிக்கொண்டே இருப்பார்கள்.

அஷில் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். கஸ்தோனே அதைப் பிடுங்கிப் பிரித்தான். உள்ளே, எலும்புப் பட்டை வைத்துத் தைத்த ரோஜா நிற இடுப்புக் கச்சை.

“கச்சைக் கடையிலேருந்து இவன் வெளியே வந்ததை நானே பார்த்தேன். தலைவரே, நம்ம அறிக்கையோட முதல் வரி என்ன?”

தலைவர் ஒக்தாவ் மெல்ல எழுந்தார். ஐம்பது வயதிலும் என்ன கம்பீரம். ‘எவருக்கும் வளையாத முதுகு’ என்று பத்திரிகைகளே எழுதும். கீழே விழுந்த பேனாவைக்கூட அவர் குனிந்து எடுத்து யாரும் பார்த்ததில்லை. சீடர்கள் போட்டி போட்டு எடுத்துக் கொடுப்பார்கள்.

“கயிறு இழுத்து இடுப்பை நெரிக்கும் கச்சைகளைக் கொளுத்துவோம்” என்று முழங்கினார் தலைவர்.

“யாருக்குடா வாங்கினே? காதலிக்கா?” என்றான் கஸ்தோன்.

“சொல்ல மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“அப்போ அடுத்த இதழ்ல உன் கவிதை வராது, பரவாயில்லையா?”

அச்சில் வரப்போகும் அஷிலின் முதல் கவிதை அது. ஊரிலிருக்கும் அம்மாவுக்குக்கூடச் சொல்லிவிட்டான். தலைவரைக் கெஞ்சலாகப் பார்த்தான். அவர் மனசு வைத்தால் போதும். அவரோ கூரையைப் பார்த்தபடி தீர்ப்புச் சொன்னார்.

“பாரிஸ்ல பொம்பளைங்களே இதைத் தூக்கிப் போட்டாச்சு. இன்னும் இதைக் கட்டிக்கிட்டுத் திரியறது யாரா இருந்தாலும் வெட்கங்கெட்ட ஜென்மம். அதுக்கு இவன் எடுபிடி. இவனை விலக்கறோம். கவிதையும் வேண்டாம். டேய், அந்தக் கண்றாவியைக் கணப்புல போட்டுட்டுப் போ.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அஷில் கச்சையை நெருப்பில் போட்டான். அது பிடித்து எரியும்வரை நின்று பார்த்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கதவுவரை போனவன் திரும்பினான்.

“போட்டாச்சு தலைவரே. இனிமே காலையில உங்க முதுகுல கயிறு இழுத்துக் கட்டிவிட வேற ஆளைப் பார்த்துக்குங்க.”