கம்பிவலைக்கு அப்பால்

"எல்லாம் எப்படிம்மா இருக்குது?" என்றான் சேவியர்ராஜ்.

"ரொம்ப நல்லாருக்குது கண்ணு."

மகனுடைய முதுகலை ஓவியப் படிப்பின் கடைசிக் கண்காட்சிக்கு மேட்டூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள் ஆரோக்கியம். தொங்கிய கிழிசல் துணிகளும் சுவரில் ஓடிய ஊமைப் படங்களும் அவளுக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"மார்க் போடற சாருங்க வந்துட்டாங்க. நீ சுத்திப் பாத்துட்டிரும்மா, வாரேன்."

மூலையில் ஒரு மரக்கூண்டு நின்றது. உள்ளே முழந்தாளிடப் பலகை, முகத்துக்கு நேரே கம்பிவலை, அதன் பின்னே இருட்டு. சாமியார்கள் நடத்தும் கல்லூரியாயிற்றே! உள்ளிருக்கும் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிடலாமென்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

"பாவியாகிய என்னை ஆசீர்வதியும் சாமி. இப்பத்தான் பையன்கிட்ட பொய் சொன்னேனுங்க. ஒண்ணும் புரியாமயே நல்லாருக்குதுன்னுட்டேன்."

வெளியே எதற்கோ கூட்டமாகச் சிரித்தார்கள்.

"இன்னொண்ணும் மறைச்சிருக்கேனுங்க. வயித்துல புத்துநோயி. கிறிஸ்மஸ் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. பையன் படிப்பு முடியட்டும்னு வாயத் தொறக்கல. இது பாவமுங்களா?"

வெளியே சிரிப்பு நின்றிருந்தது. சாமியார் பதில் சொல்லவில்லை. ஆனாலும் பாரம் இறங்கினாற்போல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கூடமே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றது. மார்க் போட வந்தவர் மட்டும் கைதட்டினார்.

"உன் கூண்டு பிரமாதம் சேவியர்! உள்ள பேசறது கூடம் பூரா கேக்குது. யாருப்பா இந்த நடிகை?"

சேவியர்ராஜின் தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கி, பதிவான குரலை முதலிலிருந்து தொடங்கியது: "பாவியாகிய என்னை ஆசீர்வதியும் சாமி..."

ஆரோக்கியம் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குரல் நிற்கவில்லை.