விட்டுவைத்த இடம்

போனைக் கையில் வாங்கிய சுடலைக்கண்ணனின் கண்ணில் முதலில் பட்டது, திரையில் திறந்திருந்த பக்கத்தில் பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை என்பதுதான்.

மேலே ஒரு தட்டு முறுக்கின் படம். அதற்குக் கீழே பச்சையில், கட்டைவிரல் பதிகிற அளவுக்கு ஒரு பொத்தான். மற்றதெல்லாம் வெள்ளை.

ஒன்றும் இல்லாத இடத்தில்தான் ஏதோ இருக்கிறது என்று நம்புகிற ஆள் அவன்.

தாராவியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற முறுக்குக் கம்பெனி அது. கம்பெனி என்றால் ஒரு அறை, ஒரே அடுப்பு, வருவதில் சரிபாதி. தம்பி வெயிலுமுத்து உள்ளே பிழிவான். அண்ணன் வெளியே போய் ஆர்டர் பிடிப்பான். தம்பி பெண்டாட்டி இசக்கிசெல்வி, மாட்டுங்காவில் ஒரு சங்கத்து மாடியில் பெண்களுக்கு நடக்கும் வெப் டிசைன் வகுப்புக்குப் போய், படித்த சூட்டோடு கம்பெனிக்கு ஒரு வெப்சைட் செய்திருந்தாள். அதைத்தான் இப்போது காட்டினாள்.

அவள் வகுப்புக்குக் கிளம்பிய முதல் நாளே அவனுக்குச் சந்தேகம் தட்டியது. முறுக்கு சுடுகிறவளுக்கு எதற்கு வெப்சைட்? அதுவும் மான்குர்த்தில் படுத்த படுக்கையாக இருக்கும் மாமாவைப் பார்க்க அவன் போய்விடுகிற ஞாயிற்றுக்கிழமையில்தான் வகுப்பாம். தம்பி தனியே போகப் பார்க்கிறான், இவள் வழி போட்டுக் கொடுக்கிறாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். பிழிகிற கை தம்பியுடையது. அது போனால் கம்பெனி படுத்துவிடும்.

"சரக்குப் படம் மட்டும் போட்டா போதுமா? நம்ம பேரு எங்கம்மா? சாமி படம் எங்க?"

"அதெல்லாம் கீழ வருது அத்தான். ஆர்டர் குடுக்க வந்த பார்ட்டி மொதல்ல என்ன செய்யணுமோ, அது மட்டும் கண்ணுல படணும்னு டீச்சர் சொல்லுதாவ."

கண்ணில் படுவதென்றால் வாசலில் தொங்குகிறதே, அதல்லவா போர்டு. அவனே கூட நின்று எழுத வைத்தது. சுடலைமாடன் படம், இரண்டு பேர் பெயர், இரண்டு பேர் போன் நம்பர், 'எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது' என்பது தமிழிலும் ஹிந்தியிலும். அதில் ஒரு எறும்பு நுழைய இடம் இருக்காது.

பொத்தானுக்குக் கீழே இருந்த வெள்ளையைத் தடவிப் பார்த்தான்.

"இவ்ளோ எடத்த என்னத்துக்கு விட்டு வச்சிருக்க?"

"அத அப்புறம் சொல்லுதேன் அத்தான்."

அப்புறமாம். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவனுடைய கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை பார்க்கிறவர் கையில் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் அவர் என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டுமாம். அதுவும் வகுப்பில் பாடமாம். வேவு பார்க்கவும் பாடம் நடத்துகிறார்கள் போலிருக்கிறது.

பொத்தானில் 'ஆர்டருக்குக் கூப்பிடுங்கள்' என்று இருந்தது. நம்பர் இல்லை. ஒரே பொத்தான் என்றால் ஒரே நம்பர். யாருடையது என்று கேட்கவா வேண்டும்?

தம்பியின் போன் ஜன்னலில் சார்ஜில் கிடந்தது. அவனுடையது தராசுக்குப் பக்கத்தில். இரண்டும் கண்ணெதிரே இருந்தன. எது அடிக்கிறதோ, அதிலேயே குட்டு உடைந்துவிடும்.

"யாரு நம்பருன்னு பாத்துருவோம்," என்று அடுப்படி வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு அழுத்தினான்.

ஜன்னலில் இருந்தது அடிக்கவில்லை.

தராசுக்குப் பக்கத்தில் இருந்ததும் அடிக்கவில்லை.

அவன் உட்கார்ந்திருந்த காலி எண்ணெய் டின் உறுமியது.

லுங்கிக்குள்ளே, பட்டாபட்டிப் பையில், தொடையை ஒட்டி ஒரு போன். சத்தம் போடாமல் அதிர மட்டும் வைத்திருந்தான். அப்படி ஒன்று இருப்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்று இந்த நிமிடம் வரை நம்பிக்கொண்டிருந்தான். சத்தமில்லாத அந்த அதிர்வைத் தகரம் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டியது.

எழுந்தால் பை தெரியும். எழாவிட்டால் டின் நிற்காது. கையில் இருக்கிற போனில் அழைப்பை எப்படித் துண்டிப்பது என்பதே அவனுக்கு மறந்துபோனது.

வெயிலுமுத்து முறுக்கு நாழியை வாணலிக்கு மேலே பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். மாவு பாதியில் தொங்கியது.

"பக்கம் செய்றதுக்கு மின்னால பார்ட்டியளக் கேக்கணும் அத்தான், மொதப் பாடமே அதான்," என்றாள் இசக்கிசெல்வி. "எந்த நம்பர்ல கூப்பிடுதியன்னு கேட்டேன். எல்லாரும் இதத்தான் குடுத்தாவ."

அவள் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

அவன் கையிலிருந்து போனை மெல்ல வாங்கி அழைப்பைத் துண்டித்தாள். டின் அடங்கியது. பொத்தானுக்குக் கீழே இருந்த வெள்ளையில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இது அட்ரஸுக்கு விட்ட எடம். சரக்கு தாராவிலேர்ந்து வருதுன்னு கொஞ்ச பேர் சொல்லுதாவ. மான்குர்த்துல நம்ம பேர்ல இன்னொரு அடுப்பு எரியுது, அங்கேர்ந்து வருதுன்னு கொஞ்ச பேர் சொல்லுதாவ. எதப் போட?"

அவன் பதிலுக்குக் காத்திராமல் வெயிலுமுத்து அடுப்பை அணைத்தான்.