கேசட்டில் ஏறிய நேரம்

தொண்ணூற்றாறு ஆடியில் சண்முகப்ரியா இறந்தபோது, அவளுடைய வீடியோ கேம் கேசட்டில் பதிவாகியிருந்த ஆட்ட நேரம் நாற்பத்தொரு மணி நேரம். கார்த்திகையில் அது முந்நூற்றுப் பத்து. யாரும் ஆடவில்லை. அப்பா சென்னியப்பன் தினமும் வேலை விட்டு வந்ததும் போட்டுப் பார்ப்பார். மனைவியிடம் எண்ணைச் சொல்லிவிட்டு அணைத்துவிடுவார்.

கேசட்டுக்குள் இருக்கும் பேட்டரி தீரப்போகிறது என்றார் சிங்காநல்லூர் டிவி மெக்கானிக் ஷேக் பரீத். "புதுசைப் பத்தவெச்சுப்போட்டு அப்புறம் பழசை எடுக்கோணுமுங்க. ஒரு நொடி கரண்டு நின்னாலும் உள்ள இருக்கறது அழிஞ்சுபோயிருமுங்க."

கடையில் விட்டுவர மனம் வராமல் சென்னியப்பன் வீட்டிலேயே பிரித்தார். இருபது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கரண்டைத் துண்டிக்காமல் எதிலும் கை வைத்ததில்லை. அந்தப் பழக்கத்தில் கை முதலில் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டது.

புது பேட்டரியோடு கேசட் நன்றாகவே ஓடியது. திரையில் மகளின் பெயர் இல்லை. நேரம் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம்.

"ஏனுங்க, பாப்பா இன்னைக்கு எத்தனைக்கு வந்திருக்கறா?" சமையலறையிலிருந்து மனைவி ரங்கநாயகி கேட்டாள்.

"முந்நூத்திப் பதினாலு, அம்மணி" என்றார்.

நாளைக்கு இதைவிடக் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.