பதினேழாம் நிபந்தனை

முன்பள்ளிக் கட்டட வேலைக்கு வந்திருந்த மணலில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்த அரசாங்கப் பொறியியலாளன் சிவதர்ஷன், அருவருத்துத் துப்பினான்.

“அண்ணை, இது கடல் மணல். முன்பள்ளிக்கோ உப்பு மணல் இறக்கினனீங்கள்? கம்பி துருப்பிடிச்சு, கூரை பிள்ளையளின்ரை தலையிலை விழட்டும் எண்டோ?”

ஒப்பந்தக்காரர் முத்துக்குமாரு பல்லைக் காட்டினார். “ஒருக்காக் கழுவிப் பாவிப்பம், சேர்.”

சிவதர்ஷன் ஒப்பந்தத்தைப் புரட்டி, தானே எழுதிச் சேர்த்த பதினேழாம் நிபந்தனையைக் காட்டினான்.

“நிராகரிச்ச பொருளை இருபத்து நாலு மணித்தியாலத்துக்குள்ளை இஞ்சையிருந்து அகற்ற வேணும். வாசிச்சுத்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?”

“ஓம் சேர். வடிவா வாசிச்சனான்.”

மறுநாள் காலை மணல் குவிந்திருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. இரண்டுதரம் சுற்றிப் பார்த்த பிறகுதான் ‘அகற்றப்பட்டது’ என்று குறிப்பேட்டில் எழுதினான்.

மாலையில் சுன்னாகம் திரும்பியபோது, கட்டிக்கொண்டிருந்த அவர்களுடைய வீட்டின் முன்னால் மனைவி நிவேதனா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

“இஞ்சருங்கோ, மணல் இல்லாமல் ரெண்டு கிழமையா வேலை நிண்டதெல்லே? நீங்கள் வெளிக்கிட்ட கையோடை ஒரு லொறி மணல் மலிவா வந்தது. தூணெல்லாம் கொங்கிறீற் போட்டாச்சு.”

“ஆரிட்டை வாங்கினனீர்?”

“ஆரோ லொறிக்காரர். அரசாங்க வேலைக்கெண்டு ஏத்தி மிஞ்சின மணலாம். உங்களை மாதிரி ஒருத்தர் பாத்துத்தானே எடுத்திருப்பார் எண்டு நம்பி வாங்கினனான்.”

தூணடியில் கிடந்த மணலில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்தான். அதே உப்பு.

எங்கிருந்து அகற்ற வேண்டும் என்று எழுதியவன், எங்கே கொண்டுபோக வேண்டும் என்று எழுதவில்லை.