போதும் என்ற சொல்

வயிறு நிறைந்துவிட்டது. ஏழு வருஷமாகச் சிந்துஜாவுக்கு அதை, குண்டாகிவிடுவோமோ என்று சாப்பிட விடாத நோயின் பயம்தான் சொல்லும். இன்று, சித்தி மகன் கல்யாணப் பந்தியில், பாயசம் குடித்து முடித்தபோது வயிறே சொன்னது.

டாக்டர் கேட்டால் சந்தோஷப்படுவார். ஆனால் டாக்டரைப் பார்ப்பது மாதம் ஒருமுறை. மற்ற வேளையெல்லாம் அவர் பொருத்திவிட்ட, காதுக்குள் குடியிருந்து எல்லாவற்றையும் கவனிக்கும் ஏ.ஐ. பயிற்சியாளர்தான். இலைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் 'போதும்' என்றால், அந்தக் கருவிக்கு அது நோயின் குரல். நூறு நாள் அவள் அந்தச் சொல்லைச் சொல்லாமல் இருந்தால் கருவி காதைக் காலி செய்துகொண்டு போய்விடும். அதுவரை கழற்ற முடியாது. இன்று தொண்ணூற்றெட்டாவது நாள். சொன்னால் மறுபடி ஒன்றிலிருந்து. இலையைக் கையால் மறைத்தாலும் அதே கதிதான்.

பரிமாறுகிறவர் குனிந்தார். "மோருக்குச் சாதம் வைக்கட்டுமாம்மா?"

"நல்லா சாப்பிடுறீங்க சிந்து. நான் கூடவே இருக்கேன்," என்றது காதுக்குள் குரல்.

சிந்துஜா பக்கத்து இலையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்காவது முகத்தைப் பார்த்தால் புரியாதா?

அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "தாராளமா வைங்க," என்றாள் பரிமாறுகிறவரிடம். "எம் பொண்ணு இப்பல்லாம் போதும்னே சொல்றதில்ல."