இரண்டாவது சதுரம்

போடிமெட்டுக் கல்யாணங்களைப் படமெடுத்த வெள்ளைத்துரை இறந்து வருஷம் திரும்பியதும், அவர் மனைவி மகாராணி அவருடைய கேமராவை, கேமரா பழுதுபார்க்கும் சுருளியிடம் கொண்டுவந்தாள்.

“லென்ஸ் எரர்னே காட்டுதுண்ணே. ஊரையே எடுத்தாரு. கல்யாணத்துக்குப் பெறகு நாங்க சேந்து ஒண்ணு எடுத்துக்கல.”

லென்சைக் கேமராவோடு இணைக்கும், மலைப்பனியில் கறுத்திருந்த பொன்னிற மின்தொடர்புப் புள்ளிகளைச் சுருளி அழிரப்பரால் துடைத்து, லென்சை மாட்டி, அவளை நோக்கித் திருப்பினான். மறுபடியும் எரர்.

மனசு கேட்காமல் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டான். “அண்ணன் எடத்தையும் சேத்தே எடுப்போம் தாயி.”

எரர் மறைந்தது. திரையில், முகத்தைக் கண்டால் விழும் மஞ்சள் சதுரம் அவள்மேல் விழுந்தது. காலி நாற்காலிக்கு மேலே இன்னொன்றும் விழுந்தது.

“கொஞ்சம் நெருங்கி ஒக்காருங்க,” என்றான் சுருளி, தம்பதிகளிடம் சொல்வதுபோல.

அவள் நகருமுன்பே அந்த இரண்டாவது சதுரம் அவள் பக்கம் நகர்ந்தது.