உலையில் என்ன போடுவ?

“மறுபடியும் சதையை விக்கிறீங்க, தோசிக்!”

குரல் பயிற்சியாளர் யூன் மேசையைத் தட்டினார். தோசிக் அரிசி கம்பெனியின் விற்பனை அதிகாரி. கொரிய மொழியில் அரிசியை ‘ஸ்ஸல்’ என்று அழுத்திச் சொல்ல வேண்டும். தோசிக் மாதிரி தேகு ஊர்க்காரர்களின் நாக்கில் அது ‘சல்’ என்றுதான் வரும். ‘சல்’ என்றால் சதை.

“பொறந்ததுலேர்ந்து வர்ற நாக்கு, டீச்சர்.”

“அதுக்காக, சியோல்ல முப்பது வியாபாரிங்க முன்னாடி நின்னு, எங்க கம்பெனி சதை ரொம்ப ருசின்னு சொல்லப் போறீங்களா? அழுத்துங்க. வாக்கியத்தைக் குரல் இறக்கி முடிங்க. அப்புறம், வீட்டுக்குப் போன் பேசவே கூடாது. அம்மாகிட்ட அஞ்சு நிமிஷம் பேசினா ஒரு வாரப் பயிற்சி காலி.”

போன வருடக் கூட்டத்தில் எழுந்த சிரிப்பிலேயே பதவி உயர்வு பறிபோனது. இந்த முறை கோட்டைவிட்டால் வேலையே போய்விடும். மூன்று மாதம் அம்மாவுக்குக் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பினான். கண்ணில் புரை விழுந்த அம்மா, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

கண் ஆபரேஷனும் கூட்டமும் ஒரே நாளில் வந்து தொலைத்தன. அம்மா தன் குரலைப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். “நீ வர வேணாம்டா. கண்ணைக் கட்டி உக்கார வச்சிருப்பாங்க. உன் குரலைக் கேட்டாப் போதும் எனக்கு.”

கூட்டத்தில் தோசிக் வெளுத்து வாங்கினான். ஒருவரும் சிரிக்கவில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் வராந்தாவுக்கு ஓடிவந்து போன் போட்டான். இடையில் ஒரு தடவையாவது பேசியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

“அம்மா, நான்தான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?”

“யாருப்பா நீ?”

“தோசிக்மா!”

“என் மகனா? அப்ப உலையில என்ன போடுவ? யோசிக்காம டக்குனு சொல்லு!”

“ஸ்ஸல்.”

அப்பழுக்கில்லாமல் வந்தது.

“ஏமாத்துக்காரப் பயலே! கண்ணு தெரியாதவன்னா இளக்காரமா? நான்தான் மகன்னு சியோல் பேச்சுல பேசிப் பணம் புடுங்கற உன்னை மாதிரி ஆளைக் கண்டுபிடிக்க, என் மகனே சொல்லிக் குடுத்த கேள்விடா இது!”

அம்மா வைத்துவிட்ட போனிடம் “சல், அம்மா... சல்...” என்று சொல்லிக்கொண்டே நின்றான் தோசிக்.